முன்வண்டி

இரண்டாம் மாடி
பிப்ரவரி 9, 2025

மன்றச் செயலாளர் திரு. பீம்ராவ் அவர்களுக்கு,

உன்னோடு இனிமேல் பேச மாட்டேன் என்று நேற்று பால்கனியில் நின்று கத்தினேன். தண்டையார்பேட்டை முழுக்கக் கேட்டிருக்கும். சொன்னது சொன்னதுதான். ஆனால் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதி, காய்கறி வாங்குகிற கூடையில் போட்டுக் கயிற்றில் இறக்குகிறேன். கூடை உன் வீட்டு வாசலுக்கு நேராகத்தான் வந்து நிற்கும். பதிலை அதிலேயே போடு. கூடப்பிறந்தவன் என்று உருகிக்கொண்டு மாடியேறி வந்துவிடாதே, கதவைத் திறக்க மாட்டேன். போனிலும் உன்னை பிளாக் செய்தாயிற்று.

நீ மன்றச் சுவரில் ஒட்டிய நோட்டீஸை என் வீட்டுக்காரர், அதான் உன் மாமா, போட்டோ எடுத்து வந்து காட்டினார். 'முன்வண்டி ஓட்டுநரின் உடல்நலக் குறைவு காரணமாக அவ்விடத்துக்கு நத்தைப் போட்டி நடைபெறும்.' உடல்நலக் குறைவா? எனக்கு இன்னா, வயித்துப்போக்கா? போன அக்டோபரில் வேலைக்குப் போகும்போது எண்ணூர் ரோட்டில் எவனோ சிந்திவிட்டுப் போன ஆயிலில் வழுக்கி, புல்லட் அப்படியே என் இடது காலின் மேல் சாய்ந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு ரெண்டாகப் போனது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். அதை நோட்டீஸில் எழுத உனக்குக் கை வரவில்லையா?

அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலத்தில் ஒன்பது வருஷமாக முன்வண்டி என்னுடையது. நீலக்கொடி கட்டி, ஹேண்டில்பாரில் அண்ணல் படத்தை வைத்து, மேளத்துக்கு முன்னால், நடக்கிறவன் வேகத்தில், மன்றத்திலிருந்து ஹைரோட்டுச் சிலை வரைக்கும் கால் தரையில் படாமல் கொண்டு போகிறேன். ஒரு வருஷமாவது பட்டிருக்கிறதா, சொல். பின்னால் வருகிற வண்டியெல்லாம் ஆம்பளைகள் ஓட்டுகிற வண்டி. ஒவ்வொருத்தன் காலும் தெரு திரும்புவதற்குள் நாலு தடவை தரையைத் தடவும். என் கால் தடவாது.

அந்த இடத்தைத்தான் நீ போட்டி வைத்து எவனுக்கோ கொடுக்கப் போகிறாய். உனக்கு ஒரு சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாதேடா!

நோட்டீஸைக் கிழி.

ராஜாத்தி


தரைத்தளம்
பிப்ரவரி 10, 2025

அன்புள்ள அக்காவுக்கு, ஜெய்பீம்.

கடிதம் கிடைத்தது. நோட்டீஸைக் கிழிக்க முடியாது.

விதி நான் போட்டதில்லை. முன்வண்டி ஓட்டுகிறவரின் கால் வழியில் தரையைத் தொடாவிட்டால் அடுத்த ஆண்டும் இடம் அவருக்கே. தொட்டுவிட்டாலோ, அவரால் வர முடியாமல் போனாலோ, நத்தைப் போட்டி. எல்லோரும் ஒரே கோட்டில் கிளம்ப வேண்டும். கால் ஊன்றாமல் யார் கடைசியாக வந்து சேருகிறாரோ அவருக்கு முன்வண்டி. இந்தப் போட்டியில் ஜெயித்துத்தான் நீயும் அங்கே போய் உட்கார்ந்தாய்.

அதற்கு முன்னால் யார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்று யோசித்துப் பார். புது வண்டி வாங்கினவன் ஓட்டினான். இல்லையென்றால் சண்டைக்கு நிற்கிறவன் ஓட்டினான். நீ ஜெயித்த அன்று 'பொம்பளைக்கு முன்வண்டியா' என்று கூச்சல் போட்டவர்களை மன்றம் எதைக் காட்டி அடக்கியது? இந்த விதியைத்தான். உன் தம்பி செயலாளர் என்பதற்காக இன்று அதை மடக்கினால், நாளைக்கு உன்னைப் போல் இன்னொருத்தி வரும்போது காட்டுவதற்கு எங்களிடம் என்ன இருக்கும்?

டாக்டர் சொன்னதை மாமாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சர்க்கரை இருப்பதால் எலும்பு கூடுவதற்கு நாளாகிறது, இடது காலில் பாரம் போடவே கூடாது என்றாராம். ஸ்டிக் இல்லாமல் பாத்ரூமுக்குக்கூடப் போக முடியவில்லை என்றும் சொன்னார். இந்தப் பத்தியைச் செயலாளராக எழுதவில்லை.

சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது உண்மைதான்.

தம்பி
பீம்ராவ்


இரண்டாம் மாடி
பிப்ரவரி 15, 2025

டேய் பீமு,

உன் மாமா துறைமுக கேட்டில் காவலுக்கு நிற்கிறார் என்றுதான் பெயர். அவர் வாய்க்கு ஒரு கேட்டும் கிடையாது. பாத்ரூம் விஷயத்தையெல்லாம் உன்னிடம் எதற்குச் சொல்கிறார்?

உன் விதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படித்துப் படித்து எனக்கு ஒன்று தோன்றியது, கேள். ஊர்வலத்தில் வண்டி முதல் கியரைத் தாண்டவே தாண்டாது. இடது கால் எதற்கு? கியர் மாற்றுவதற்கு. மாற்றவே போவதில்லை என்றால் அதற்கு என்ன வேலை? பிரேக்குக்கு வலது கால். கிளட்சுக்கு இடது கை. காலைக் கீழே வைக்கக் கூடாது என்பதுதான் உங்கள் விதி. வைக்கவே போவதில்லை என்கிறபோது அது உடைந்த காலாக இருந்தால் இன்னா, மரக்காலாக இருந்தால் இன்னா? என் காலுக்கு முன்வண்டியைப் போல ஏற்ற வேலை இந்த மெட்ராஸிலேயே இல்லை. ஏற்றிவிட ரெண்டு பேர் இருந்தால் போதும்.

டாக்டருக்கு எலும்பைப் பற்றித் தெரியும். வண்டியைப் பற்றி என்ன தெரியும்?

வண்டி கீழே தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. நான் பால்கனியில் நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் அதன் மேல் குந்திக்கொண்டு போன் பேசுகிறான். மேலேயிருந்து கத்தினால் "சரிக்கா, சரிக்கா" என்று எழுந்துகொள்கிறான். நான் உள்ளே போனதும் மறுபடி குந்துகிறான். நேற்று அழுதேவிட்டேன். உன் மாமாவுக்குக்கூடத் தெரியாது. உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை. எழுதிவிட்டேன், போ.

இந்த வருஷமும் நான்தான் ஓட்டுவேன். போட்டிக்குத் தேதி வைக்காதே.

ராஜாத்தி


ஆஸ்பத்திரி வாசல்
பிப்ரவரி 24, 2025

அக்காவுக்கு,

இங்கே கூடை இல்லாததால் மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். பேசக் கூடாது என்றாய், பேசவில்லை. ஆனால் ஆபரேஷன் முடியும்வரை தியேட்டர் வாசலை விட்டு நான் நகரவுமில்லை.

என்ன காரியம் செய்தாய் நீ? விடிந்தும் விடியாமல், மாமா டியூட்டியிலிருந்து வருவதற்குள், படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக வழுக்கி இறங்கியிருக்கிறாய். வண்டிக்கு வலது பக்கமாகப் போய், கட்டுப் போட்ட காலைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, ஸ்டிக்காலேயே ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, கியரையும் அழுத்தினாயாம். இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. நான் முதலில் கேட்டது புல்லட் சத்தத்தை மட்டும்தான். பிளாக்கைச் சுற்றி ஒரு தடவை போனது. மறுபடி வந்தது. மறுபடி போனது. இதென்னடா என்று வெளியே வந்து பார்த்தால், நைட்டிக்கு மேல் மாமாவின் யூனிஃபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு நீ!

இவ்வளவு கோபத்திலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்டி நூல் பிடித்த மாதிரி போனது. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"நிறுத்துக்கா!" என்று கத்தினேன். "எப்டிடா நிறுத்துறது? எந்தக் கால வெக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த சுற்றுக்குப் போய்விட்டாய்.

கால் ஊன்றாமல் ஓட்டலாம் அக்கா. கால் ஊன்றாமல் இறங்க முடியாது. அதை நீ யோசிக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்தபோது நானும் யோசிக்கவில்லை, எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நான் பிடிக்க ஓடி வருவதற்குள் நீ வலது காலை வைத்தாய். தெரு அந்த இடத்தில் இடது பக்கம் சரிவு. வண்டி அந்தப் பக்கமே சாய்ந்தது.

செயற்குழு நேற்று கூடியது. உன்னை மறந்துவிட்டு ஊர்வலம் போக யாருக்கும் மனமில்லை. மினி லாரியில் நாற்காலி போட்டு, உனக்கு மாலை போட்டு, மேளத்துக்குப் பின்னால் அழைத்துச் செல்வதாகத் தீர்மானம். 'ஒன்பதாண்டு முன்வண்டி வீராங்கனை' என்று பேனர் வைப்பதாகவும் முடிவு. சம்மதம் சொல்.

பீம்ராவ்


இரண்டாம் மாடி
மார்ச் 4, 2025

டேய் பீமு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மாடியேற்றினார்கள். நீயும் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்திருந்தாய், பார்த்தேன். பேசவில்லை, அவ்வளவுதான்.

லாரியில் நாற்காலியா? நான் இன்னா சாமி சிலையா, எடுத்து வைத்து ஊர்வலம் கொண்டுபோவதற்கு? மாலை போட்டு லாரியில் உட்கார்ந்து போகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அடுத்த ஊர்வலம் கிடையாது. பேனரில் 'வீராங்கனை' என்று போட்டால் மேலேயிருந்து தண்ணியை ஊற்றுவேன். சொல்லிவிட்டேன்.

டாக்டர் கம்பியில் தளர்ந்த ஸ்க்ரூவை மாற்றியிருக்கிறார். ஆகஸ்டுக்கு முன்னால் வண்டி என்ற பேச்சையே எடுக்கக் கூடாதாம். சின்ன வயசுக்காரர், நல்ல பையன். "நீங்க ஓட்டுனது தப்பு. ஆனா எட்டு சுத்து எப்டி ஓட்னீங்க?" என்று கேட்டார். ரெண்டாவது கேள்விக்குத்தான் பதில் சொன்னேன்.

அந்த வரதன் என்ன செய்தான் தெரியுமா? பிளாக் முனையில் மெக்கானிக் கடை வைத்துக்கொண்டு, பையன்கள் வண்டிக்கெல்லாம் சைலன்சரை அறுத்துக் கொடுத்து ஊரைச் செவிடாக்குகிறானே, அவன்தான். நான் விழுந்ததும் உனக்கு முன்னால் அவன்தான் ஓடி வந்தான். வந்தவன் முதலில் வண்டியைத் தூக்கினான். அப்புறம்தான் என்னைத் தூக்கினான்! "டேய், மனுஷி கெடக்கறன்டா" என்றேன். "வண்டி உன் மேலதான்க்கா கீது. அத எடுக்காம உன்ன எப்டி எடுக்கறது?" என்றான். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவனைக் கண்டால் எனக்கு ஆகாது.

போட்டியை நடத்திக்கொள். நான் தடுக்கவில்லை. மனசு ஒப்பி எழுதவில்லை, கால் ஒப்பவில்லை என்பதால் எழுதுகிறேன். யார் ஜெயித்தாலும் கால் படாமல் சிலைக்குப் போய்விட்டால் இடம் அவனுடையது, அப்புறம் அவனாகத் தவறும்வரை என்னால் கேட்கவே முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

ராஜாத்தி


தரைத்தளம்
மார்ச் 12, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

போட்டி இம்மாதம் இருபத்து மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, நம் பிளாக்குக்கு எதிரிலேயே. ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பிரியாணிக் கடை ஹபீபுல்லா பாய்கூட இருக்கிறார். வரதனும் இருக்கிறான்.

ஒரு சிக்கல். யாரை நடுவராகப் போட்டாலும் ஐந்து பேரில் நாலு பேர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். ஒருவன் சொன்ன ஆள் இன்னொருவனுக்கு மச்சான். தரையில் நின்று பார்த்தால் வண்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கால் தெரிவதுமில்லை. கடைசியில் ஐந்து பேரும் ஒத்துக்கொண்டது ஒரே ஒரு பெயரைத்தான். மேலேயிருந்து பார்த்தால் ரெண்டு காலும் தெரியும் என்று சொன்னது ஹபீபுல்லா பாய்.

'தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாருக்கும் விசில் ஊதிவிடுவா' என்று ஒன்றிரண்டு பேர் சொல்லாமல் இல்லை. மறைக்காமல் எழுதுகிறேன். அவர்களிடம் வரதன்தான் சண்டைக்குப் போனான்.

விருப்பமில்லை என்றால் விட்டுவிடு. நான் கேட்டதே பெரிய கொடுமை என்று எனக்குத் தெரியும்.

பீம்ராவ்


இரண்டாம் மாடி
அன்றைக்கே

யார் சொன்னது ஊதிவிடுவேன் என்று? பேரைக் கூடையில் போடு.

நடுவராக இருக்கிறேன். விசில் உன் மாமாவிடம் இருக்கிறது. கோட்டைச் சுண்ணாம்பில் போடு, கோலமாவில் போட்டால் காற்றில் போய்விடும். நான் ஊதினால் ஊதினதுதான், ஊதாவிட்டால் ஊதாததுதான். செயலாளர் வாயைத் திறக்கக் கூடாது.

ராஜாத்தி


தரைத்தளம்
மார்ச் 23, 2025, மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் விசிலுமாகப் பால்கனியில் நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கீழே எல்லோரும் தானாகவே வரிசையில் நின்றார்கள். நான் மைக்கில் அரைமணி நேரம் கத்தியும் நிற்காதவர்கள்.

மூன்று பேருக்கு நீ ஊதியதில் யாருக்கும் மறுப்பில்லை. ஹபீபுல்லா பாய் மட்டும் "செருப்பு நுனிதாம்மா பட்டுச்சு, அதுக்குள்ள கால் இன்னும் வரலை" என்று வாதாடிப் பார்த்தார். "செருப்புக்குள்ளதான கால் கீது பாய்!" என்று நீ மேலேயிருந்து சொன்னதும் அவரே சிரித்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டினார். நாலாவது ஆள் அவசரப்பட்டு முன்னால் போய்விட்டான். கடைசியில் வரதன்.

கோட்டுக்கு முன்னால் அவன் தடுமாறினதை எல்லோரும் பார்த்தோம். இடது பக்கம் நின்றவர்கள் 'கால வெச்சிட்டான்' என்று ஒரே குரலில் கத்தினார்கள். நீ ஊதவில்லை. வெயில் உன் கண்ணுக்கு நேராக இருந்தது. காலை முதல் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். தவறிப்போயிருக்கலாம்.

ஆகவே செயலாளர் என்ற முறையில் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இந்த ஆண்டு யாரும் வெற்றி பெறவில்லை. முன்வண்டி இடத்துக்கு யாரும் வராததால் அது பழையபடி உன் பெயரிலேயே இருக்கும். ஊர்வலத்தில் உன் புல்லட்டை, யாரும் மேலே உட்காராமல், நாங்கள் நாலு பேர் தள்ளிக்கொண்டு முன்னால் போவோம். நாளைக் காலை நோட்டீஸ் ஒட்டிவிடுவேன்.

இதைச் சம்மதத்தோடு ஏற்றுக்கொள் அக்கா. எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

தம்பி
பீம்ராவ்


இரண்டாம் மாடி
மார்ச் 23, விளக்கு வைத்த பிறகு

டேய்,

நோட்டீஸ் ஒட்டினால் கையை உடைப்பேன்.

எனக்குக் கண் நன்றாகத் தெரியும். வெயிலும் இல்லை, பசியும் இல்லை. நான் பார்த்ததை எழுதுகிறேன், உன் மினிட் புத்தகத்தில் அப்படியே ஒட்டிக்கொள்.

கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் வரதன் வண்டி அசையாமல் நின்றேபோனது. ஓடுகிற வண்டியை எவனும் பேலன்ஸ் பண்ணுவான். நிற்கிற வண்டியில் கால் வைக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் வேலை. அவன் இடது கால் எனக்கு நேர் கீழே. விசில் என் வாயில். வைடா, வைடா, கால வைடா பேமானி என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். என் இடம் அங்கே ஒரு சாண் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது, கெஞ்சாமல் வேறென்ன செய்வேன்? கால் நடுங்கியது. செருப்பு கழன்று விழுந்தது. நீங்கள் எல்லோரும் பார்த்தது அந்தச் செருப்பு விழுந்ததைத்தான். அவன் வெறுங்கால் ஃபுட்ரெஸ்டை விட்டு இறங்கவே இல்லை. அப்படியே உருட்டிக்கொண்டு போய்க் கோட்டைத் தொட்டான்.

ஹபீபுல்லா பாய் செருப்புக்குள்ளே கால் இருந்தது. வரதன் செருப்புக்குள்ளே கால் இல்லை. இது ஒரு பெரிய கணக்கா?

ஊதுவதற்கு ரொம்ப நேரம் இருந்தது பீமு. ஊதியிருந்தால் தெருவே நம்பியிருக்கும், வரதனைத் தவிர. நாளைக்கு என்னைப் போல் இன்னொருத்தி வரும்போது காட்டுவதற்கு என்ன இருக்கும் என்று எழுதினவன் நீ. அதைப் படித்து நான் எத்தனை நாள் உன்னைத் திட்டினேன். இப்போது நீயே அதை எனக்காக மடக்கப் பார்க்கிறாயா? பாசமா? பாசம் இருந்தால் மாம்பழம் வாங்கிக் கூடையில் போடு.

என் வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டு போகிறதாம்! அது இன்னா தள்ளுவண்டியா?

ஜெயித்தது வரதன். முன்வண்டி அவனுடையது. சைலன்சரை மட்டும் திரும்ப மாட்டிக்கொண்டு வரச் சொல். அண்ணல் படம் வைத்த வண்டி டபடபவென்று குரைத்துக்கொண்டு போகக் கூடாது.

ராஜாத்தி


தரைத்தளம்
ஏப்ரல் 15, 2025

அன்புள்ள அக்காவுக்கு, ஜெய்பீம்.

மாம்பழம் இன்னும் சரியாக வரவில்லை. புளிக்கிறது. ஆனாலும் ரெண்டு வைத்திருக்கிறேன்.

நேற்று ஊர்வலம் நல்லபடியாக முடிந்தது. நம் பிளாக்கைத் தாண்டும்வரைக்கும் உனக்கே தெரியும். அதற்கப்புறம் ஹைரோட்டில் நடந்ததை எழுதுகிறேன். டீக்கடை, பேங்க் வாசல், பஸ் நிறுத்தம், எங்கே போனாலும் "இன்னாபா, அந்த புல்லட் அக்கா எங்க?" என்றுதான் கேட்டார்கள். பத்து நம்பர் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டே கேட்டார். கால் உடைந்துவிட்டது, அடுத்த வருஷம் வருவார் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. செயலாளர் என்பதை விட உன் தம்பி என்று சொல்லிக்கொள்ளத்தான் நேற்று ஆசையாக இருந்தது, நிறைய பேரிடம் சொல்லியும்விட்டேன்.

இனி விஷயம். வரதன் சத்தமில்லாமல், சீராகத்தான் வந்தான். நம் பிளாக்குக்கு நேராக வந்ததும் வண்டியை நிறுத்தினான். இடது காலை எடுத்துத் தரையில் வைத்தான். மேளக்காரர்களும் பின்னால் வந்தவர்களும் உன்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள், கவனிக்கவில்லை. பக்கத்தில் நடந்து வந்த நான் பார்த்தேன். பிறகு சிலை வரைக்கும் அவன் கால் படவே இல்லை.

மாலை போட்டு முடிந்ததும் என்னிடம் வந்தான். "எழுதிக்கோண்ணே. நான் கால் வெச்சிட்டேன். எடம் போச்சு. அடுத்த வருஷம் போட்டி வெச்சிரு" என்றான்.

"தவறி வெச்சியா, வேணும்னு வெச்சியா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒனக்கு இன்னாத்துக்கு? வெச்சேன்னா வெச்சேன்."

செயற்குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம். விதிப்படி அவன் இடம் போகிறது, அடுத்த மார்ச்சில் போட்டி, அதற்குள் உன் கால் சரியாகிவிடும். ஆனால் எனக்குப் பேனா ஓடவில்லை. வேண்டுமென்று வைத்த காலுக்கு விதியில் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் மேலேயிருந்து பார்த்திருப்பாய். நீ என்ன சொல்கிறாயோ அதை எழுதுகிறேன்.

தம்பி
பீம்ராவ்


இரண்டாம் மாடி
ஏப்ரல் 16, 2025

டேய் பீமு,

பார்த்தேன்.

வண்டி நிற்கும்போது ஒரு நூல் வலது பக்கம் சாய்ந்திருந்தது. தடுமாறுகிறவன் சாய்கிற பக்கம்தான் காலை வைப்பான். அவன் இடது பக்கம் வைத்தான். உள்ளங்கால் முழுக்கப் பதிய, நிதானமாக வைத்தான். வைத்துவிட்டு மேலே பார்த்து "ஜெய்பீம்க்கா" என்றான். எவ்ளோ திமிர் பாரு அவனுக்கு! ஸ்டிக்கைத் தூக்கி அவன் தலையில் போடலாம் என்று வந்தது. நானும் ஜெய்பீம் சொன்னேன். அத்தனை மேளத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

இதுவரைக்கும் எனக்கு யாரும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. கன்டெய்னர் யார்டில் லாரிகளுக்கு கேட் பாஸ் போடுகிற வேலையாகட்டும், இந்த வண்டியாகட்டும், பிடுங்கித்தான் வாங்கினேன். அதனால் ஒருத்தன் விட்டுக்கொடுத்தால் எப்படி வாங்கிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ரெண்டு நாளாக அதையேதான் யோசிக்கிறேன். மனசு நிறைந்துதான் போனது. ஆனாலும் வேண்டாம்.

நடுவராகச் சொல்கிறேன், எழுதிக்கொள். வரதனின் கால் தரையில் பட்டது. பொய் எழுத மாட்டேன். ஆனால் அவன் தோற்றான் என்று எழுதாதே. அவன் அளவுக்கு முன்வண்டியை ஓட்டின ஆளை நான் பார்த்ததில்லை, என்னைத் தவிர.

இன்னொன்றையும் எழுதிக்கொள். ஒன்பது வருஷமாக ஒருத்தனும் என் பக்கத்தில் கோட்டில் வந்து நின்றதில்லை. கால் படாதவரைக்கும் இடம் என்னுடையது, எவனும் கேட்கக் கூடாது, அதுதானே விதி. எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது. வரதன் அன்றைக்கு நிற்கிற வண்டியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இப்படி ஓட்டத் தெரிந்த ஒருத்தன் இத்தனை வருஷமும் எனக்குப் பின்னால், கூட்டத்தோடு கூட்டமாக வந்திருக்கிறான். எனக்குக் கால் உடைந்திருக்காவிட்டால் அவன் அப்படியே வந்துகொண்டிருப்பான். இது விதியின் தப்பு. மாற்று. இடம் யாருக்கும் சொந்தமாக வேண்டாம். வருஷா வருஷம் போட்டி. ஜெயித்தவருக்கு அந்த ஒரு ஊர்வலம், அவ்வளவுதான். செயற்குழுவில் எவனாவது முனகினால் மேலே அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன்.

வரதனிடம் இதைச் சொல். அடுத்த மார்ச்சில் என்னோடு ஓட்டும்போது எனக்காகக் கட்டைவிரல் நுனியைக் கீழே வைத்தாலும் கடைக்கே வந்து அறைவேன். முழு மூச்சாக ஓட்டச் சொல். நானும் அப்படித்தான் ஓட்டப் போகிறேன்.

இன்று காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். உடைந்த இடத்தில் கொஞ்சம் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, எலும்பு கூட ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினார். உன் மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

அடுத்த வருஷப் போட்டிக்கு இன்றைக்கே பேர் வாங்க ஆரம்பி. முதல் பேரை எழுதிக்கொள். ராஜாத்தி சுப்பராயன், பி பிளாக், இரண்டாம் மாடி. வண்டி, சொந்த வண்டி.